பத்துப் பேர்ச் காணி: வீட்டுத் தோட்டம் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

ஆவணி கழிந்து புரட்டாதி பிறக்கும்போது யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று தளர்ந்துவிடும். மாதக்கணக்கில் புழுதியை அள்ளி எறிந்த காற்று அது. அது ஓய்ந்த பின்னர் ஐப்பசி மழை வரும்வரை சில வாரங்கள் ஓர் இடைவெளி இருக்கும். வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் ஆண்டுக் கணக்கை முடிக்கின்ற காலம் அதுதான். வெண்டிக்காய் முற்றி நாராகிவிடும். பயற்றங்கொடி பந்தலில் காய்ந்து தொங்கும். கத்தரி இலை சிறுத்துப்போய், ஏதோ கடமைக்குக் காய்ப்பதுபோல் ஒன்றிரண்டு காய்களைத் தரும். கிணற்றில் நீர் அடிக்குப் போயிருக்கும். கடலோரக் கிராமங்களில் அந்த நீரும் உவர்த்துப் போயிருக்கும்.

ஆனால் பந்தலின் ஒரு மூலையில் ஒரு புடோலும், ஒரு பாகலும், வேலியோரத்தில் இரண்டு வெண்டிக்காய்களும் பறிக்கப்படாமல் நிற்கும். அவை விதைக்கு விட்டவை. கறிக்கு எதுவும் இல்லாத நாளிலும் விதைக்கு விட்ட காயில் கைவைக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். முற்றிய காயை அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்தில் தூக்குவார்கள். விதையைச் சாம்பலில் பிரட்டி நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைப்பார்கள். மழைக்கு முன்னர் நாற்றுமேடை தயாராகிவிட வேண்டும். கோடை முடிகிறது என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிட வேறு அறிகுறி தேவைப்பட்டதில்லை.

வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் 'வீட்டுக்கு வீடு தோட்டம்' என்ற அரச அறிவித்தலைப் பல தடவை செய்தியாக்கியிருக்கிறேன். அரசாங்கங்கள் மாறின, திட்டத்தின் பெயர்கள் மாறின. ஆனால் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான்: ஒவ்வொரு குடும்பமும் தன் வளவில் பயிரிட்டால் நாட்டில் பசி இராது. பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது ஒரு விடயம் தெளிவாகிறது. இந்த அழைப்பு அடித்தொனியில் ஒலிப்பதெல்லாம் நாட்டில் அரிசியோ, அரிசி வாங்கப் பணமோ இல்லாத காலங்களில்தான். அப்போதெல்லாம் ஒரு வினா மட்டும் கேட்கப்படாமலே போயிருக்கிறது. யாருடைய வீடு? எவ்வளவு நிலம்?

இலங்கைத் தமிழில் 'தோட்டம்' என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு நிலங்களைக் குறிக்கின்றது. யாழ்ப்பாணத்தில் வயல் அல்லாத, கிணற்று நீரால் பயிரிடப்படும் மேட்டுநிலம் தோட்டம். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம், இறப்பர்த் தோட்டம். அங்கே தொழிலாளி பிறந்து, உழைத்து, இறந்த நிலம் அது, ஆனால் அவனுக்குச் சொந்தமானதன்று. கொழும்பிலோ தோட்டம் என்பது சிங்களத்தில் 'வத்த' என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்பு. ஒரு முற்றம், ஒரு பொதுக் குழாய், ஒரு பொதுக் கழிப்பிடம், அதைச் சுற்றிப் பல குடும்பங்கள். அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்று நடவும் மண் இராது. பெயரில் மட்டும் தோட்டம். இந்த மூன்று தோட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வீட்டுத் தோட்டத்தின் வரலாறு முழுமையாகத் தெரியும் என நினைக்கிறேன்.

முதலில் யாழ்ப்பாணம். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்து சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கிவிடும். கீழே கடல்நீரின்மேல் ஒரு நன்னீர் வில்லையாக அது மிதக்கிறது. எஞ்சிய மாதங்கள் முழுவதும் அந்த நீரைக் கிணற்றிலிருந்து எடுத்தே மனிதரும் பயிரும் வாழ வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, மூன்றாமவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். பின்னர் சூத்திரக் கிணறுகள் வந்தன. அதன் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்தன.

வலிகாமத்துச் செம்மண் இயல்பிலேயே வளமானது என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதி, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கொட்டப்பட்ட உழைப்பு. பூவரசங்குழை, கிளுவங்குழை, பனையோலை ஆகியவற்றைத் தோட்டத்தில் தாழ்த்தினார்கள். இரவில் ஆட்டையும் மாட்டையும் நிலத்தில் பட்டியடைத்தார்கள். அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் வளவை விட்டு வெளியே போனதில்லை. வேலியே பசளைக் களஞ்சியமாகவும் இருந்தது. பூவரசும் கிளுவையும் எல்லையைக் காட்டும் அதே வேளையில் குழையும் தந்தன.

இந்தத் தோட்டத்தில் நாம் 'எங்கள் மரக்கறி' என்று சொல்லும் பலவும் வந்தேறிகள் என்பதும் குறிப்பிடத்தக்கது. மிளகாய், தக்காளி, மரவள்ளி, பப்பாசி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. போர்த்துக்கேயர் கிழக்கே கப்பலோட்டத் தொடங்கிய பின்னரே அவை நம் பக்கம் வந்தன. கத்தரியும் பாகலும் புடோலும் அவரையும் முருங்கையும் கீரைகளும் அதற்கு முன்பிருந்தே உள்ளவை. யாழ்ப்பாணத்துக் கறியின் காரம் கொலம்பசுக்குப் பிந்தியது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரக்கூடும். ஆயினும் வரலாறு அதுதான்.

நிலம் யாரிடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் 1706, 1707 ஆம் ஆண்டுகளில் தொகுப்பித்த தேசவழமையில் காணி, தோட்டம், பிறர் நிலத்தில் நட்ட மரம் ஆகியவை பற்றிய விதிகள் இடம்பெறுகின்றன. வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் வழியிலேயே இறங்கின. வீட்டுத் தோட்டத்தின் அன்றாடக் கவனிப்பும் பெண்களிடமே இருந்தது. எந்தப் பூசணிக்கொடி எந்த ஆண்டு நன்றாகக் காய்த்தது, எந்த விதையை யாரிடமிருந்து வாங்கியது என்ற கணக்கெல்லாம் அவர்கள் மனத்தில் இருந்தது. அதை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் வளவு இருந்ததா? இல்லை. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் பல பிறருடைய காணியில் குடியிருந்தன. நிலக்காரர் எழும்பு என்றால் எழும்ப வேண்டும். அப்படிப்பட்ட நிலத்தில் பலன் தரப் பத்தாண்டு எடுக்கும் மரத்தை யார் நடுவார்? அதைவிடக் கொடுமை கிணறு. அயலவரின் கிணற்றில் அள்ள உரிமையின்றி, யாராவது வந்து குடத்தில் ஊற்றும்வரை காத்து நின்ற மக்கள் கோடையில் எந்தத் தோட்டத்துக்கு நீர் இறைப்பார்கள்? சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன் பின்னரும் கிணற்றுக்காகவும் கோவிலுக்காகவும் தேநீர்க் கடைக்காகவும் போராட்டங்கள் நடைபெற வேண்டியிருந்தன. யாழ்ப்பாணத்தின் தோட்டச் சிறப்பைப் பாடுவோர் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அரசாங்கம் வீட்டுத் தோட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்த காலங்களுக்கு வருவோம். பெருந்தோட்டப் பொருளாதாரம் இலங்கையைத் தேயிலையும் இறப்பரும் விற்று அரிசி வாங்கும் நாடாக்கியிருந்தது. உண்ணும் அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது, அதிலும் பெருமளவு பர்மாவிலிருந்து. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுப் புத்தகம் வந்தது. அதற்கு நம்மவர் வைத்த பெயர் கூப்பன். கூடுதலாக உணவு பயிரிடுமாறு அரசு பிரசாரம் செய்தது. அப்போது விவசாய அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க.

தென்னிலங்கையில் அக்காலத்தில் பலரைக் காத்தது பலாமரம் என்பார்கள். சிங்களத்தில் அதனைச் சோற்று மரம் என்றே அழைப்பர். 1915 கலவர காலத்தில் பிரித்தானியரால் சிறைவைக்கப்பட்ட ஆர்தர் வி. டயஸ் பின்னர் பலாக்கன்று நடுவதையே ஓர் இயக்கமாக்கினார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று அன்போடு அழைத்தனர். யாழ்ப்பாணத்தில் அதே பணியைப் பனை செய்தது. ஒடியற் கூழும் பினாட்டும் இன்று பண்டிகைப் பண்டங்கள்போல் பேசப்படுகின்றன. அன்று அவை நெல் பொய்த்த ஆண்டின் உணவு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சத்தில் உயிர் காத்தவை கத்தரியும் வெண்டியும் அல்ல. வயிறு நிறைக்கும் மாப்பொருள் தருகின்ற பலாவும் பனையும் மரவள்ளியுமே. மரத்தை நட்டவர், அது காய்க்கும்வரை அதே நிலத்தில் இருக்கலாம் என்ற நம்பிக்கை உள்ளவராக இருந்தார்.

சுதந்திரத்தின் பின்னர் அரிசி இந்நாட்டு அரசியலின் நடுவில் வந்து அமர்ந்துகொண்டது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்வந்த எந்த அரசும் அரிசியில் கைவைக்கும்போது அந்த நாளை மறக்கவில்லை.

1970 முதல் 1977 வரை நீடித்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சிக்காலம் என் தலைமுறையின் முதல் நினைவுகளோடு கலந்தது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்தப் பொருட்களுக்கு நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கையில் முதல்முறையாகத் தாராளமாகப் பணம் புழங்கிய காலம் அது. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் இளைஞர்கள் குடியேறி மிளகாய் செய்தார்கள். கல்வீடுகள் எழுந்தன, நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த விலைகள் சரிந்தன. யாழ்ப்பாணத்தின் முதியோர் இன்றும் 'சிறிமாவோ காலம்' என்று ஏக்கத்தோடு சொல்வதன் காரணம் இதுதான்.

ஆனால் அதே ஆண்டுகளில் நாட்டின் மறுபுறம் வேறொன்று நடந்தது. 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய், அரிசி, கோதுமை விலைகள் ஏறின. இலங்கையிடம் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீடு குறைக்கப்பட்டது. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. சில நாட்களில் உணவகங்களில் சோறு பரிமாறத் தடை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டு செல்வதைப் பிடிக்க வீதிகளில் தடைகள் போடப்பட்டன. சிங்கள மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'ஹால் பொல்ல'. 'பயிர்ச் செய்கைப் போர்' என்ற முழக்கத்தோடு வெற்று நிலமெல்லாம் மரவள்ளி நடச் சொன்னது அரசு.

வளவு உள்ள கிராமத்தவன் மரவள்ளி நட்டான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவன் எங்கே நடுவான்? 10 அடிக்கு 12 அடி அளவிலான ஓர் அறை, அதன் முன்னே ஒரு சிறு தாழ்வாரம், அதற்கப்பால் தேயிலை. லயத்தின் ஓரத்திலும் கானோரத்திலும் சில அடி மண்ணில் அவர்கள் கீரையும் போஞ்சியும் போட்டார்கள். அதுவும் தோட்ட நிர்வாகம் அனுமதிக்கும்வரைதான். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச காணி பகிர்ந்தளிக்கப்படவில்லை. 1972 இன் காணிச் சீர்திருத்தமும் 1975 இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையானதும் நிலத்தின் உரிமையாளரை மாற்றின. அந்த நிலத்தில் உழைத்தவருக்கு அதில் ஒரு பேர்ச்சும் உரிமையாகவில்லை.

விளைவு மரணப் பதிவேடுகளில் தெரிந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டப்புறங்களில் இறப்பு விகிதம் திடீரென உயர்ந்தது. 1974 இல் அங்கே சிசு மரண விகிதம் நாட்டின் சராசரியை விட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. பசியால் வெளியேறியவர்கள் ஹற்றன், நுவரெலியா வீதிகளில் கையேந்தினர். பலர் வன்னிக்கு வந்து, மிளகாயால் செழித்துக்கொண்டிருந்த தோட்டங்களில் குறைந்த கூலிக்கு வேலை செய்தனர். யாழ்ப்பாணத்தவரின் பொற்காலமும் மலையகத்தவரின் பஞ்சகாலமும் ஒரே ஆண்டுகள். ஒருவரின் தோட்டத்தில் இன்னொருவர் கூலி. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் வழக்கம் நமது பத்திரிகைகளுக்கு இருந்ததில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரசாயனப் பசளை எனத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் துளித்துளியாக விற்கப்பட்டது. ஜாம் போத்தலில் திரியிட்டு அதன் ஒளியில் நாங்கள் படித்தோம். நாளேடுகள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. இயந்திரங்கள் ஓயவே கைவிடப்பட்டிருந்த துலாக்கள் மறுபடியும் ஆடத் தொடங்கின. யூரியா இல்லாததால் குழையும் எருவும் மீண்டன. எங்கள் வளவிலும் முற்றத்துப் பூச்செடிகள் இருந்த இடத்தில் மரவள்ளியும் கீரையும் வந்தன. வேலிமுருங்கை இல்லாவிட்டால் பல வீடுகளில் கறியே இருந்திராது.

அந்தக் காலத்தை 'தன்னிறைவு' என்று புகழ்ந்து எழுதியோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. குடாநாட்டில் விளைந்த மரக்கறியைத் தெற்கே கொண்டு போக வழியில்லாமையால் அது உள்ளூரில் மலிவாகவே கிடைத்தது. ஆனால் அரிசியும் சீனியும் பால்மாவும் கப்பலைப் பார்த்தே இருந்தன. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து, வன்னியிலிருந்து சைக்கிளில் அரிசி மூட்டை கட்டிவந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே கொல்லப்பட்டனர். தோட்டம் கறி தந்தது. சோற்றுக்கு மனிதர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. வீட்டுத் தோட்டம் எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு இதைவிடக் கடுமையான பரிசோதனை வேறெங்கும் நடந்திராது.

தோட்டத்தையே இழந்தவர்களும் அக்காலத்தில்தான் பெருகினர். 1990 நடுப்பகுதியில் பலாலி, காங்கேசன்துறைச் சுற்றாடலிலிருந்து வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களைச் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வளவும் வயலும் கிணறும் இருந்த அம்மக்கள் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் வாழ நேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்கும் அப்பாலும் நடந்தது. மழைக்காலத் தொடக்கம் அது. நாற்றுமேடைகளில் கத்தரிக்கன்று நடுகைக்குத் தயாராக நின்ற வாரம். 2009 இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோதும், கடைசியாக வெளியேறிய சில குடும்பங்களுக்குத் தம் சொந்தக் காணி திரும்பக் கிடைக்கவில்லை.

வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கும் மேற்பட்ட காணியைப் படைத்தேவைக்காகச் சுவீகரிக்க 2013 இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. வடக்கின் மிக வளமான செம்மண் அங்கேதான் இருந்தது. வடக்கில் மக்களின் காணிகள் சிலவற்றில் படையினர் பயிரிட்டு மரக்கறி விற்கிறார்கள் என்பது அந்நாட்களில் அடிக்கடி வந்த செய்தி. தன் கிணற்று நீரில் விளைந்த மரக்கறியை உரிமையாளரே காசு கொடுத்து வாங்கும் நிலை அது. பின்வந்த ஆண்டுகளில், சிறப்பாக 2015 க்குப் பின்னர், காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்கள் முதலில் தேடியது எல்லைக் கற்களையும் கிணற்றையும். வீடு இருந்த இடத்தைப் பலர் கிணற்றைக் கொண்டே அடையாளம் கண்டனர். முப்பதாண்டு வளர்ந்த பற்றைக்குள் சில இடங்களில் வேலிப்பூவரசு மட்டும் மரமாகி நின்றது.

அண்மைய அத்தியாயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது 10 இலட்சம் வீட்டுத் தோட்டங்களை உருவாக்கும் 'சௌபாக்கியா' திட்டம் தொடங்கப்பட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வெளியானது. விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் தடை தளர்த்தப்படும்போது போகம் கெட்டுவிட்டது. 1990 களின் யாழ்ப்பாணத்தில் குழையும் எருவும் கைகொடுத்தன என்றால், அங்கே வேலிகளும் கால்நடைகளும் அந்த அறிவுள்ள கைகளும் ஏற்கனவே இருந்தன. நாடு முழுவதற்கும் அது ஒரு கையெழுத்தில் வந்துவிடாது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதெனக் கைவிரித்தது. ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து, வீட்டில் பயிரிடுமாறு கேட்டது அரசு. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே போய்விட்டார். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்துக்கும் மேலாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விடுமுறையை நினைத்துப் பாருங்கள். மாதச் சம்பளமும் வளவும் உள்ளவருக்கு அது பயன்பட்டிருக்கலாம். கொழும்பு வடக்கின் 'தோட்டத்தில்' இருந்து நாட்கூலிக்குப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, தோட்டமும் இல்லை. அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர் எட்டாம் மாடியில் எதை நடுவார்? 1974 இல் லயத்தில் நின்ற அதே வினா 2022 இல் அடுக்குமாடியில் நின்றது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறத்தாழ 250 சதுர மீற்றர். ஒரு ஹெக்டயரில் 4,000 கிலோ நெல் விளையும் நல்ல நிலம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பரப்பில் ஒரு போகத்துக்கு 100 கிலோ நெல் கிடைக்கும். குற்றினால் 65 கிலோ அரிசி. ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் அரிசியோ 100 கிலோ அளவில் வரும். ஒரு பரப்பு முழுவதும் நெல் விதைத்தாலும் ஒரு தனி மனிதருக்கே போதாது. அதே பரப்பில் மரக்கறி செய்தால் கதை வேறு. நீர் இருந்தால் ஒரு குடும்பத்தின் கீரை, மிளகாய், கத்தரி, பயற்றங்காய், வாழை, பப்பாசி ஆகியவற்றின் பெரும்பகுதியை அது தரும். குழந்தையின் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் தேவையானவை அவற்றில் உண்டு. வீட்டுத் தோட்டத்தின் உண்மையான பெறுமதி அது. சிறிதன்று. ஆனால் அதை அரிசிக் கொள்கையின் தோல்விக்கு ஒட்டுப்போடும் துணியாகப் பயன்படுத்தக் கூடாது.

இந்தப் 10 பேர்ச் என்ற அளவு எனக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. இலண்டனில் வாழும் நம்மவர் பலர் 'அலொட்மென்ற்' எனப்படும் குத்தகைத் துண்டுகளில் கீரையும் பூசணியும் பயிரிடுகிறார்கள். கோடை முடியும் இதே நாட்களில், உறைபனி விழுமுன் கடைசிப் பூசணியைப் பிடுங்கிப் படம் எடுத்து உறவினருக்கு அனுப்புகிறார்கள். அத்தகைய துண்டின் மரபான அளவு 10 'ரொட்'. ரொட் என்பதும் பேர்ச் என்பதும் ஒரே அளவையின் இரு பெயர்கள். அதாவது சரியாக நமது ஒரு பரப்பு! நிலமற்ற நகரத் தொழிலாளிக்குப் பயிரிட நிலம் கேட்டால் உள்ளூராட்சி மன்றம் அதை வழங்க முயல வேண்டும் என்ற பொறுப்பை அங்கே 1908 இன் சட்டம் உறுதிப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் மண்ணைக் கொத்தி வெற்றி காணுமாறு பிரித்தானிய அரசு மக்களை அழைத்தபோது, கொத்துவதற்கு நிலமும் தேடிக் கொடுத்தது. அதே பிரித்தானியர் ஆண்ட மலையகத்தில், அவர்களுக்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவருக்கு 10 அடிக்கு 12 அடி அறை.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு அழைத்துவரப்பட்டதன் 200 ஆண்டு நிறைவு 2023 இல் நினைவுகூரப்பட்டது. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003 இல் சட்டத்தில் முடிவு காணப்பட்டது. 2015 க்குப் பின்னர் லயத்துக்குப் பதிலாக 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி தனிவீடு என்ற திட்டம் வந்தது. வீடு போக மிஞ்சுவது ஏறத்தாழ 125 சதுர மீற்றர், அதாவது அரைப் பரப்பு. அது போதுமா என்று கேட்போர் உண்டு. போதாது. ஆனால் அப்படி வீடு கிடைத்த இடங்களுக்குப் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். கூரை வேலை முடியுமுன்னரே வீட்டைச் சுற்றிப் போஞ்சியும் பூசணியும் வெங்காயத்தாளும் வந்துவிடுகின்றன. சில வீடுகளில் அவகாடோக் கன்றும் பலாக்கன்றும் நட்டிருந்தார்கள். மரம் நடுகிறார்கள் என்றால், இது தமது மண் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். இன்னும் லயத்திலேயே இருக்கும் பெருந்தொகையான குடும்பங்களுக்கு அந்த நம்பிக்கை எப்போது கிட்டும் என்பதே கேள்வி.

மற்றுமொரு நெருக்கடி வரும். அப்போது இன்னொரு பெயரில் வீட்டுத் தோட்டத் திட்டமும் வரும். விதைப் பைக்கற்றுகளை அமைச்சர்கள் மேடையில் வைத்துக் கையளிப்பார்கள், நாம் படம் எடுத்து முன்பக்கத்தில் போடுவோம். இளைய பத்திரிகையாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்த மேடையில் எத்தனை விதைப் பைக்கற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கடமை. கூடவே அந்தப் பிரதேச செயலகத்தில் எத்தனை குடும்பங்களுக்கு உறுதியுடன் காணி இல்லை என்ற கணக்கையும் வாங்கி, அதே செய்தியில், அதே பந்தியில் போடுங்கள்.